நீ சொன்ன நிறையும் நான் கண்ட நிறையும்

மகன்,

எழுதும் கை என்னுடையது இல்லை, சொல்லும் வாய்தான் என்னுடையது. மேல் மாடி ரீச்சர் எழுதுகிறா. ஒரு சொல்லையும் அழகுபடுத்தக் கூடாது, நான் ஏசினால் ஏச்சையும் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். "ஏச்சுக்கு எழுத்துப் பிழை பாக்கிறதோ அண்ணை?" என்று கேட்டுச் சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே வீட்டில் மேசைக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானும் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். நான் கதைக்கத் தொடங்கினால் நீ ஃபோனைப் பார்த்தபடி "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்கிறாய். கடிதம் என்றால் வாசித்துத்தான் ஆக வேண்டும். உறையில் போட்டு ஒட்டவும் மாட்டேன். உன் பெண்சாதி சுபாவும் வாசிக்கட்டும், வீட்டுக்கு வருபவர்களும் வாசிக்கட்டும். மேசையில் திறந்து கிடக்கும் தாளை வாசிக்க முடியாதவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான். அதை ஆறு மாதமாக நீ நன்றாகப் பயன்படுத்திக்கொண்டாய்.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கள் ஆட்களில் அதைச் சொல்வதற்கே வெட்கப்படுவார்கள். நான் வெட்கப்பட்டதில்லை, ஏனென்றால் எனக்கு வேறொரு படிப்பு இருந்தது. பதினைந்து வயதில் கொழும்புக்கு வந்தேன். கொட்டாஞ்சேனையில் ஏழு பேர் படுக்கும் அறையில் ஒரு பாய். காலையில் நடந்து புறக்கோட்டைக்குப் போனால் வெங்காயமும் மிளகாயும் இறங்கும் கிட்டங்கி. அங்கே தராசடியில் முப்பத்தெட்டு வருஷம் நின்றேன். எழுத்துத் தெரியாதே தவிர எண் தெரியும். மூடை சுமக்கும் நாட்டாமிமார் முதுகோடு வந்து சாக்கைத் தராசில் போடுவார்கள், நான் நிறையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அந்தப் பக்கம் இருக்கும் கணக்கர் எழுதிக்கொள்வார். கணக்கர் சிங்களவர், அதனால் நான் சொன்னதெல்லாம் சிங்களத்தில். இன்றைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட எண் என்றால் எனக்கு முதலில் சிங்களத்தில்தான் வாயில் வரும். இது உனக்கு மறந்து போயிற்று. ஏன் இதைச் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

கொஞ்சக் காலத்தில் தராசுக்கு முன்னமே என் கண்ணுக்கு நிறை பிடிபட்டுவிட்டது. சாக்கு முதுகில் வரும்போதே, நாட்டாமி குதியை ஊன்றுகிற விதத்தில் எவ்வளவு என்று தெரியும். முதலாளி வந்தவர்களுக்கு வேடிக்கை காட்டுவார். "டேய் கண்தராசு, இது எவ்வளவடா?" நான் சொல்வேன். பிறகு போட்டுப் பார்ப்பார்கள். கால் கிலோவுக்கு மேல் பிசகியது அபூர்வம். நீ பிறந்த அன்று உன்னைத் துணியோடு என் கையில் தந்தார்கள். ஆறே முக்கால் இறாத்தல் என்றேன். தாதி சிரித்துவிட்டு நிறுத்துப் பார்த்தாள், பிறகு சிரிக்கவில்லை. இந்தக் கதையை உன் கல்யாணத்தில் நீயே மைக்கைப் பிடித்துச் சொன்னாய். "என்ர அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனா அவரை ஒருத்தரும் நிறையில ஏமாத்த ஏலாது" என்றாய். மண்டபம் கைதட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்ததை யாரும் காணக்கூடாது என்று. அந்த வசனத்தைச் சொன்ன அதே வாய்தானே மகன் இது?

ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம் நீ சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாய். சீனி வருத்தம் கூடிவிட்டது, மூச்சு நின்று நின்று வருவதால் முகத்தில் குழாய் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டியிருக்கிறது, முழங்கால் தேய்கிறது, டொக்டர் வயிற்றைச் சின்னதாக்கும் ஒப்பரேசன் செய்யச் சொல்கிறார்.  உனக்கு நாற்பத்திரண்டு வயது. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் எப்போது என்று கேட்டேன்.

"உடன செய்ய ஏலாது அப்பா. கம்பனி இன்சூரன்ஸ் காசு குடுக்க வேணுமெண்டா ஆறு மாசம் டயட், நடை எல்லாம் செய்து பாத்தனான் எண்டு காட்ட வேணும். மாசா மாசம் கிளினிக்கில நிறுத்து எழுதுவினம்."

"நடந்து குறைஞ்சிட்டா வெட்டத் தேவையில்லையே?"

நீ சுபாவைப் பார்த்தாய். சுபா உன்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கண்டேன், ஆனால் பிழையாக நிறுத்தேன். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் சொன்னேன், "நீ தனிய நடக்க வேண்டாம், நானும் வாறன்" என்று. "அப்பா, உங்கட முழங்காலோட?" என்றாய். "உன்ர முழங்காலை விட என்ர முழங்கால் சுமக்கிறது குறைவடா" என்றேன். நீயும் சிரித்தாய், சுபாவும் சிரித்தாள். நான் அன்றைக்கே தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்றேன். இரவுச் சோற்றையும் விட்டேன். மகன் வாயைக் கட்டும்போது தகப்பன் முன்னால் இருந்து அள்ளித் தின்னலாமா? எழுபத்தாறு வயதில் குரக்கன் பிட்டும் கீரையும். எதையும் தியாகம் என்று அப்போது நினைக்கவில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆனால் நீ அதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மரீன் டிரைவில் நாம் நடந்த காலைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தில் நியாயம் இருக்காது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையால் இறங்கி, கடலை இடது பக்கம் வைத்துப் பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வரைக்கும் போவோம். அங்கே வாங்குப் பலகையில் நான் கொஞ்சம் இருப்பேன், நீ நிற்பாய். இருந்தால் எழும்புவது கஷ்டம் என்பாய். களுத்துறைப் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ரெயில் வரும், வாசலில் தொங்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்து நான் ஒவ்வொருவராக நிறை சொல்லுவேன், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். கலியாணம் கட்டின நாளிலிருந்து நீ என்னோடு அவ்வளவு கதைத்ததில்லை. ஒபிசில் உனக்குக் கீழே இருந்த பெடியன் உனக்கு மேலே போனதைச் சொன்னாய். லிப்டுக்குள் நீ ஏறினால் மற்றவர்கள் இறங்கி நிற்பதைச் சொன்னாய். சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தாய். நான் உன் முதுகில் கை வைத்தேன். அந்தக் கை வைத்தது பொய்க்கா, மெய்க்கா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. நீ கெடுத்ததில் பெரியது அதுதான்.

நடை முடிந்ததும் நீ மேலே வரமாட்டாய். "வேளைக்கு ஒபிஸ் போகவேணும் அப்பா" என்று உடுப்புப் பையோடு போய்விடுவாய். நான் படி ஏறுவேன். மாதக் கடைசியில் கிளினிக்குக்குப் போய் வந்து நீ எண்ணைச் சொல்லுவாய், நான் மனதில் பதிந்துகொள்வேன். தொடங்கிய நாள் நூற்று இருபத்தெட்டு. பிறகு நூற்று இருபத்தாறு, இருபத்தைந்து, இருபத்திமூன்று, இருபத்தொன்று, இருபது. நான் எதையும் மறப்பவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் நீயும் கவனமாக, மாதத்துக்கு மாதம் பிசகாமல், ஒரு நல்ல கணக்கரைப் போலக் குறைத்துக்கொண்டு வந்தாய். கிளினிக்கில் நிறை எழுதும் கார்டைக் காட்டு என்றேன். "இப்ப கார்ட் இல்லையப்பா, எல்லாம் ஃபோனுக்குள்ள" என்றாய். குளியலறைத் தராசில் ஏறு, நானும் பார்க்கிறேன் என்றேன். பற்றரி முடிந்துவிட்டது என்றாய். பற்றரி வாங்கி வருகிறேன் என்று காலி வீதிக்கு வெளிக்கிட்டேன். திரும்பி வரும்போது தராசையே காணவில்லை. "அது பழுது மாமா, குப்பைக்குப் போட்டிட்டன்" என்றாள் சுபா. தராசோடு வாழ்ந்தவன் நான், ஒரு தராசைத் திருத்திப் பார்க்காமல் எறிவார்களா என்று ஒரு கேள்வி வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஏனென்றால் அப்போது எனக்குப் பெரிய கவலை வேறாக இருந்தது. நான்காம் மாதம், நீ முன்னால் நடக்கிறாய், நான் பின்னால் வருகிறேன். உன் குதி தரையில் விழுகிற விதம், கை உடம்பிலிருந்து விலகி ஆடுகிற விதம், செருப்பின் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிற விதம் எல்லாம் பார்க்கிறேன். என் கண் நூற்று இருபத்தெட்டு என்கிறது. நீ நூற்று இருபத்தொன்று என்கிறாய். ஏழு கிலோ! என் வாழ்நாளில் ஏழு கிலோ பிசகியதில்லை. நான் யாரை நம்பினேன் என்று நினைக்கிறாய்? உன்னைத்தான். கண் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். உனக்குச் சொல்லாமல் கண் டொக்டரிடம் போனேன். விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வயசுக்கு நல்ல கண் ஐயா, இன்னும் பத்து வருஷம் பயமில்லை" என்றார். அப்படியென்றால் கண் இல்லை, மூளைதான் என்று நினைத்தேன். மூளை மங்கத் தொடங்கிவிட்டது, அடுத்தது உங்கள் பெயர்களையும் மறப்பேன் என்று பயந்தேன். மார்க்கெட்டில் மீன் விற்கிறவர் என்னைக் கண்டால் பாரையைத் தூக்கிப் பிடித்து நிறை கேட்பார், அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. நான் அவர் பக்கம் போவதை நிறுத்தினேன். ஒருநாள் தூரத்திலிருந்தே கூப்பிட்டார், "சீயா, அத கியன்னெ நெத்த?" இன்றைக்குச் சொல்வதில்லையா தாத்தா என்று. பஸ் வருகிறது என்று கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ் வரவில்லை மகன்.

ஆறாம் மாதம், போன கிழமை, கடைசி நிறை. சுபாவுக்கு லீவு இல்லை. நான் வருகிறேன் என்றேன். நீ வேண்டாம் என்றாய், நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டேன். கிளினிக்கில் ஒரு பச்சைத் திரை, அதற்கு இந்தப் பக்கம் வாங்கில் நான். மேலே ரீவி சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றச் சொல்லித் தாதி சிங்களத்தில் சொன்னது கேட்டது. தராசு ஒரு தரம் கிறீச்சிட்டது. பிறகு அவள் எழுதுகிற மற்றப் பிள்ளைக்குச் சத்தமாகச் சொன்னாள், நான் முப்பத்தெட்டு வருஷம் சொன்ன மாதிரியே, அதே இழுப்போடு:

"எக்கசிய விசி நமயாய்!"

நூற்று இருபத்தொன்பது.

முதலில் வேறு யாருடையதோ என்று திரைக்குக் கீழே பார்த்தேன். உன் கால்தான் நின்றது. நீ வெளியே வந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிய முடியாமல் குனிந்தாய், நான்தான் கட்டிவிட்டேன். த்ரீவீலரில் ஏறினோம்.

"எவ்வளவு மகன்?" என்று கேட்டேன்.

"நூற்றுப் பதினெட்டு அப்பா." பிறகு என் தொடையில் தட்டிச் சொன்னாய், "எல்லாம் உங்களாலதான்."

நான் காலி வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதலில் வந்தது கோபம் இல்லை, அதை நீ நம்பினால் நம்பு. முதலில் வந்தது சந்தோஷம். என் கண் போகவில்லை, என் மூளை மங்கவில்லை. அந்தச் சந்தோஷம் பம்பலப்பிட்டிச் சந்தி வரைக்கும் இருந்தது. வெள்ளவத்தை வருவதற்குள் விளங்கிவிட்டது, என் கண் சரி என்றால் என் மகன் பொய்.

அடுத்த நாள் நீ ஒபிஸ் போன பிறகு, சுபா தான் வேலைக்கு வெளிக்கிட முன்னம் தேத்தண்ணி கொண்டு வந்தாள். "சீனி போடு பிள்ளை" என்றேன்.

"என்ன மாமா?"

"ரெண்டு கரண்டி. நல்லாக் கலக்கு."

 அவள் கதிரையை இழுத்து இருந்தாள். கெட்டிக்காரி, நான் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அவர்தான் மாமா சொல்ல வேண்டாம் எண்டவர்" என்று தொடங்கினாள். உன் உயரத்துக்கு நூற்று இருபத்திரண்டுக்குக் கீழே போனால் இன்சூரன்ஸ் காசு கொடுக்காது என்று ஒபிசில் ஒருவர் உனக்குச் சொன்னதாம். முயற்சி செய்ததாகவும் காட்ட வேண்டும், குறையவும் கூடாது. அதனால் நடை முடிந்ததும் நீ போவது ஒபிசுக்கு இல்லை, சந்திக் கடைக்கு. அங்கே ரோல்ஸ், பால் தேத்தண்ணி, பிறகு மத்தியானம் புரியாணி. தராசு குப்பைக்குப் போகவில்லை, உங்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

"எனக்கேன் பிள்ளை சொல்லேல்ல?"

"நீங்கள் சண்டை பிடிப்பீங்கள் எண்டார். இந்த இன்சூரன்ஸ் விசயமெல்லாம் அப்பாவுக்கு விளங்காது எண்டார்."

"எது விளங்காது? நூற்று இருபத்திரண்டு எண்ட எண்ணோ?"

அவள் அழுதாள். அவளை நான் ஏசவில்லை. அவள் எடுத்துத் தந்த உன் ஒப்பரேசன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேல் மாடிக்கு வந்தேன். ஃபோனுக்குள் இருந்ததாக நீ சொன்ன கார்ட் அதற்குள் இருந்தது, தடித்த மஞ்சள் மட்டை. எண்களை நானே வாசித்தேன். 128, 128, 127, 128, 129, 128, 129. முதல் எண்ணைத் தவிர ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் இங்கிலிஷில் ஒரு வரி. என்ன என்று ரீச்சரைக் கேட்டேன். அவ கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு மட்டையை மேசையில் வைத்தா. "வாசியுங்கோ ரீச்சர்" என்றேன். "எல்லாத்திலயும் ஒரே வசனம்தான் அண்ணை. தினமும் தகப்பனோடு நடக்கிறார், நிறை குறையவில்லை."

ஆறு தரம், மகன். ஆறு தரம் என் முழங்கால் அந்த மட்டையில் சாட்சி சொல்லியிருக்கிறது, எனக்குத் தெரியாமல். நான் உனக்குத் துணைக்கு வருகிறேன் என்று நினைத்து நடந்தேன், நீ என்னைக் காட்டுவதற்குக் கூட்டிக்கொண்டு போனாய். நீ வந்து, "அப்பா, இப்படி ஒரு சட்டம் இருக்கு, குறையவும் கூடாது, நடக்கவும் வேணும், என்ன செய்ய?" என்று கேட்டிருந்தால் நான் ஏசியிருப்பேன், ஓம். ஏசிவிட்டு உன்னோடு நடந்தும் இருப்பேன். ஆறு மாதத்தில் இந்த வீட்டில் மெலிந்தவன் நான் ஒருவன்தான். சாரம் இடுப்பில் நிற்கவில்லை என்று சுபா எனக்குப் பெல்ட் வாங்கித் தந்தாள், அப்போதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரீச்சர் மிச்சத் தாள்களை எடுத்தா. எனக்கு இருக்க முடியவில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

இரண்டு நாள் நான் உன்னோடு கதைக்கவில்லை. நீ கவனிக்கவும் இல்லை. அந்த இரண்டு நாளும் உன் அம்மாதான் என் முன்னால் நின்றாள். அதையும் எழுதச் சொல்கிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் கள்ள நிறைதான்.

உனக்குப் பதினொரு வயது. அம்மாவுக்கு நோய் முற்றிய காலம். நாற்பது கிலோவுக்குக் கீழே போனால் மருந்து ஏற்ற மாட்டோம், உடம்பு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கி பூட்டு, முதலாளியிடம் சாவி வாங்கி உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வெங்காயத் தூசுக்கு நடுவில் அவளைத் தராசில் ஏற்றினேன். சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றாள். முப்பத்தெட்டு. நான் "நாப்பத்தொண்டு" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. "அப்ப ஏத்துவினம் என்ன?" என்றாள். வெளியே வரும்போது நீ என் சேட் நுனியைப் பிடித்து இழுத்து, "அப்பா, முப்பத்தெட்டு எண்டுதானே இருந்தது?" என்று கேட்டாய். "அம்மாக்குச் சொல்லாதை. பயப்பிடுவா" என்றேன். நீ சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரித் தராசுக்கு என் பாசம் தெரியவில்லை. முப்பத்தெட்டு என்றது, மருந்து இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவள் என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தராசுக்காரன்ர பெண்சாதிக்கே கள்ள நிறையோ?" பிறகு கொட்டாஞ்சேனை வந்து சேரும்வரை பஸ்ஸில் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. எங்களுக்கு நடுவில் நீ இருந்தாய். அதற்குப் பிறகு உயிரோடு இருந்த கொஞ்ச மாதத்திலும் அவள் என்னிடம் எதையும் முழுதாக நம்பிக் கேட்டதில்லை. "டொக்டர் என்ன சொன்னவர்?" என்று என்னை விட்டுவிட்டுத் தாதியைக் கேட்பாள். தான் சாகப் போவதை அவள் தனியாகத்தான் அறிந்துகொண்டாள், பக்கத்தில் நான் இருக்க. நான் செய்த பிழைகளில் இதை விடப் பெரியது இல்லை. நீ என்னிடம் கற்றது பொய் நிறை சொல்வதை மட்டும். பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்கவில்லைப் போல. அந்த முகம் இப்போது எனக்கு. வந்து பார்.

இனிச் சொல்லப் போவதுதான் அவசரம். கிட்டங்கியில் நான் ஒரு மூடையையும் பாதியில் விட்டதில்லை. நிறுத்தால், சாக்கின் நிறையைக் கழித்து முடித்த பிறகுதான் அடுத்தது. அந்த ஃபைலை மட்டும் கோபத்தில் பாதியில் விட்டுவிட்டேன் என்று இன்றைக்கு மத்தியானம் உறைத்தது. திரும்ப மேலே வந்து, "ரீச்சர், இன்சூரன்ஸ் தாளை முதலிலிருந்து கடைசி மட்டும் வாசியுங்கோ, பின்பக்கத்தையும்" என்றேன். அவ ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னா. முன்பக்கத்தில் அந்த நூற்று இருபத்திரண்டுக் கணக்கு இருக்கிறது. பின்பக்கம், கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி. அதை ரீச்சர் இரண்டு தரம் தனக்குள் வாசித்துவிட்டு மூன்றாம் தரம் எனக்குச் சொன்னா. கணக்கில் எடுப்பது முதல் நாள் நிறையைத்தான். அதற்குப் பிறகு டயட்டால் குறைந்தது எவ்வளவாக இருந்தாலும் அதைக் காட்டி மறுக்க மாட்டார்கள்.

விளங்குகிறதா? நீ குறைத்திருக்கலாம். மெய்யாகவே நூற்றுப் பதினெட்டுக்கு வந்திருக்கலாம், அவர்கள் கொடுத்திருப்பார்கள். ஆறு மாதம் நீ தின்ற ரோல்ஸ், சுபா சொன்ன பொய், நான் தொலைத்த கண், எதுவும் தேவைப்படவில்லை. வாசிக்கத் தெரிந்த நீ, ஒபிசில் ஒருவர் சொன்னதைக் கேட்டு நடந்தாய். வாசிக்கத் தெரியாத நான் என்றால் தாளைத் திருப்பு என்று ஒருவரைக் கேட்டிருப்பேன். எனக்குக் கேட்பது ஒன்றுதான் வழி, அதனால் முழுதாகக் கேட்பேன்.

ரீச்சர் சந்தேகத்துக்கு அந்த இன்சூரன்ஸ் கம்பனிக்கு ஃபோன் எடுத்தும் கேட்டா. ஓம், முதல் நாள் நிறைதான் என்றார்களாம். நீயும் எடுத்துக் கேள்.

இதை ஏன் இன்றைக்கே எழுதுகிறேன் என்றால், ஒப்பரேசனுக்கு இன்னும் இரண்டு கிழமைதான். ஈரல் கொழுத்து வீங்கியிருக்கிறது, இந்த இரண்டு கிழமையும் தண்ணிச் சாப்பாடு மட்டும் எடுத்துச் சுருக்கி வர வேண்டும், இல்லாவிட்டால் கத்தி வைக்கிற இடத்தை ஈரல் மறைக்கும், ஆபத்து என்று டொக்டர் சொன்னதை சுபா சொன்னாள். நீயோ, ஆஸ்பத்திரி வாட்டில் சேரும் நாளும் நிறுப்பார்கள், குறைந்திருந்தால் காசு தரமாட்டார்கள் என்று பயந்து, தண்ணிச் சாப்பாடு கடைசி மூன்று நாள் போதும் என்றாயாம். நேற்றும் கடைக்குப் போனாய். என்னை ஏமாற்றியதை நான் சுமந்துகொள்வேன், அது என் நிறை. டொக்டரின் கத்தியை நீ ஏமாற்றக் கூடாது. பொய் எண் கேட்டு உன் அம்மா முகம் மலர்ந்தது; ஈரல் அப்படி மலராது.

உன்னை மன்னித்தேன் என்று எழுதட்டா என்று ரீச்சர் கேட்கிறா. வேண்டாம். இன்னும் இல்லை. என் தேத்தண்ணிக்குள் சீனி திரும்ப வந்துவிட்டது, அதை இனி யாருக்காகவும் எடுக்கப் போவதில்லை. மரீன் டிரைவில் நீ சொன்ன கதைகளில் எது மெய் என்று ஒவ்வொன்றாக உன்னைக் கேட்க எனக்கு ஆசை இருக்கிறது, அதற்கு நீ உயிரோடு திரும்பி வர வேண்டும்.

கட்டிலுக்குக் கீழே இருந்த தராசை எடுத்தேன். பற்றரி மாற்றினேன், ஒரு பழுதும் இல்லை. உன் அறை வாசலில் வைத்திருக்கிறேன், காலில் இடறும். நாளைக் காலை ஐந்தரைக்கு நான் அதற்குப் பக்கத்தில் நிற்பேன், அடுத்த நாளும், வாட்டில் சேரும் நாள் வரைக்கும். நீ வெளியே வந்து முதலில் என் முன்னால் நில். எவ்வளவு என்று இனி உன்னிடம் கேட்க மாட்டேன். நான் சொல்வேன். பிறகு நீ ஏறிக் குனிந்து பார்.

அப்பா